கிரகத்துச் சண்டையில் ஒரு டீ

பேரன் வாங்கித் தந்த விண்வெளிப் போர் நாவலைப் பிரித்ததும் நான் முதலில் தேடியது சமையல்காரரை. பாதிப் புத்தகம் தாண்டியும் ஆளைக் காணோம். சிரிக்காதீர்கள், இது என் மச்சான் ஏற்றிவிட்டுப் போன வியாதி.

அறுபதுகளில் குற்றாலத்து விடுதி ஒன்றில் எனக்கு வேலை. சாரல் முடிந்து கூட்டம் வடிந்தால் அறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சும். சிலசமயம் இங்கிலீஷ் நாவலும். அட்டையில் ராக்கெட் இருந்தால் அது எனக்கு. பாதிதான் புரியும். ஆனாலும் கிரகங்கள் வெடிக்கும்போது கொண்டாட்டமாக இருக்கும்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பட்டாளத்துக்காரர். லீவில் வந்தவரை ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். எண்ணெய் வழியப் பாறையில் குந்தியிருந்தவரிடம் கதை சொன்னேன். குளிப்பதற்குள் மூன்று கிரகம் காலி.

"ஏன் மாப்ளே, இத்தனை பேரு சண்டை போடுதானுவளே, எவனாச்சும் சோறு திங்கானா?"

"அதெல்லாம் எழுதலை மச்சான்."

"அப்போ எழுதினவன் வயிறு நிறையத் தின்னுட்டு எழுதியிருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாள் காலையிலேயே, "மேக்கொண்டு என்னாச்சு?" என்று அவர்தான் வந்து நின்றார்.

அதற்குள் எல்லையில் சண்டை மூண்டு, லீவு ரத்து. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படிக்க வேண்டுமென்றால் நடுவில் கிழித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். தென்காசி ஸ்டேஷனில், நான் இன்னும் படிக்காத பின்பாதியைக் கிழித்து அவர் கையில் திணித்தேன்.

"யாரு ஜெயிச்சான்னு நீங்கதான் வந்து சொல்லணும்."

"வந்து சொல்லுதேன், நீரு வீட்டுக்குப் போம்."

என் மனைவி ரயில் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ராக்கெட் அட்டையைக் கண்டாலே எனக்குப் பயம். வெடிக்கிற கிரகத்தில் எவளோ ஒருத்தியின் அண்ணன் இருப்பானே என்று தோன்றும்.

சண்டை முடிந்து மச்சான் வந்துவிட்டார். பாதியாக இளைத்து, ஒரு காது மந்தமாகி. வாசலிலேயே, "யாரு ஜெயிச்சா மச்சான்?" என்றேன். இரண்டாம் முறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

"யாரு கண்டா? விறகெல்லாம் ஈரம். உம்ம கிரகத்தை எரிச்சுத்தான் எங்க கூட்டத்துக்கே டீ போட்டோம். என்னமா எரிஞ்சுது தெரியுமா!"

என் மனைவி சிரித்தாள், பிறகு உள்ளே போய் அழுதாள்.

அந்த விடுதி இன்றில்லை. மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டார். முன்பாதி மட்டும் என் பீரோவில் கிடக்கிறது. "மொபைல்ல தேடி முடிவைச் சொல்லட்டா தாத்தா?" என்கிறான் பேரன்.

வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த முடிவே போதும்: டீ கொதித்தது, மச்சான் வீட்டுக்கு வந்தார்.