முத்து முத்தான கையெழுத்து

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அச்சரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பாஷை இருந்தது. சண்டைகூட அதில்தான் போடுவோம். ஐந்து வயதில் அவளைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கைப்பாஷைக்குத் தடை. கையை ஆட்டினால் பேச்சு வராதாம். மீறிய பிள்ளைகளின் கைகளைப் பின்னால் கட்டி உட்காரவைத்தார்கள். அப்படியும் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. கையெழுத்து மட்டும் வந்தது, அச்சில் வார்த்ததைப்போல.

தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அந்தப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்குப் போனோம். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. மேடையில் வைத்திருந்த கரும்பலகையில் ஒரு வரவேற்பு வாசகத்தைப் பார்த்து எழுதினாள். சிறப்பு விருந்தினர் பூரித்துப்போய், பெற்றோரும் ஏதாவது எழுதிக் காட்டலாம் என்றார். அம்மா பெருமையோடு மேடையேறி எழுதினாள்: ‘உன் தங்கச்சி எங்கே?’

அக்கா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழேயே, கேள்விக்குறி உட்பட, முத்து முத்தாக எழுதினாள்: ‘உன் தங்கச்சி எங்கே?’

அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அம்மா தட்டவில்லை. அதே கேள்வியைக் கையால் கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே முன்வரிசையில் இருந்த என்னைக் காட்டினாள்.

“கைய ஆட்ட வைக்காதீங்கம்மா, பழக்கம் கெட்டுடும்” என்றார் தலைமையாசிரியை.

“ஏழு வருசமா இன்னா சொல்லிக்குடுத்தீங்க டீச்சர்? எழுதுறது இன்னான்னே தெரியல இவளுக்கு!”

“காது கேக்காத பிள்ளைங்களுக்கு இதுவே பெருசும்மா. கையெழுத்தப் பாருங்க.”

“கையெழுத்த வச்சிகினு இன்னா பண்றது? கையையும் கட்டிப்புட்டீங்க, படிக்கவும் கத்துக்குடுக்கல. எம்பொண்ணு இன்னா ஜெராக்ஸ் மிசினா?”

ஒலிபெருக்கி எல்லாவற்றையும் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. விருந்தினர் தன் மாலையைச் சரிசெய்துகொண்டார். அப்பா கீழே நின்று, “எறங்கு, மானம் போவுது” என்றார்.

“இப்பத்தான் போவுதா? ஏழு வருசமா போய்க்கினு கீது” என்றாள் அம்மா.

அன்றே அக்காவின் பெட்டியோடு பஸ் ஏறினோம். அந்தப் பள்ளியிலிருந்து யாரும் எங்களைத் தேடி வரவில்லை. அதே கரும்பலகையில் அடுத்த ஆண்டும் எவளோ ஒருத்தி எழுதியிருப்பாள், அவளுக்கும் கைதட்டியிருப்பார்கள்.

அம்மா அலைந்து திரிந்து சென்னைப் பக்கம் ஒரு பள்ளியைக் கண்டுபிடித்தாள். அங்கே கையால் சொல்லி, அதை எழுத்தில் காட்டி, திரும்பவும் கையால் கேட்பார்கள். அக்காவை ஆறு வயதுக் குழந்தைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு அழகாக எழுதுகிறவளைப் போய் ஒன்றாம் வகுப்பில் போட்டிருக்கிறார்களே, இந்த ஊர் டீச்சர்களுக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.