சீசர் கொடுத்த நெகடிவ்

அலுவலகத்தில் ஒரு பாலத்தின் மாதிரியை ஒட்டிக்கொண்டிருந்தேன். பசையின் மணம் மூக்கில் ஏறியதும், சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் சமையலறை மேசை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜூலியஸ் சீசரைப் பற்றி வகுப்பில் பேசுவதற்காக, அட்டையில் வீரம், தந்திரம், இரக்கம் என்று தலைப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா, "இரக்கமோ? அவனுக்கோ?" என்றார்.

சீசரின் காலத்தில் இந்த நாட்டில் வாழ்ந்த ஹெல்வேத்தியர் தங்கள் ஊர்களைத் தாங்களே எரித்துவிட்டு, நல்ல நிலம் தேடிப் புறப்பட்டார்கள். சீசர் அவர்களைத் தோற்கடித்தார். பிறகு சாப்பாட்டுக்குத் தானியமும் ஒழுங்குசெய்து, திரும்பிப் போய் வீடுகளைக் கட்டச் சொன்னார். இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப சுவிஸ்காரருக்கும் நெகடிவ் வந்திருக்கு!"

அகதி விண்ணப்பம் மறுக்கப்படுவதை, இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

"உதைப் பள்ளிக்கூடத்தில சொல்லிப்போடாதை பிள்ளை," என்று அம்மா பதறினார். "டீச்சர் என்ன நினைப்பா?"

சொன்னேன். டீச்சர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அடுத்த கோடையில், நாங்கள் இங்கேயே இருக்கலாம் என்று முடிவு வந்தது. அம்மா அழுதார். அப்பா என்னைப் பார்த்து, "சீசர் பெரிய ஆள்தான். எண்டாலும் இந்தச் சுவிஸ்காரர் அவனைவிட நல்லவை," என்றார்.

அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த சுவிஸ்காரப் பொறியாளர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். அவருடைய முன்னோர்களிடமிருந்தே தொடங்கினேன்.