ஆறு நகங்கள்

ஏழாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு எல்லோரும் எரிமலை செய்துகொண்டிருந்தபோது, கலிகோதீர் செய்வேன் என்று வீம்பாகப் பெயர் கொடுத்தவள் நான். பல லட்சம் வருஷங்களுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன விலங்குக் குடும்பம் அது. குதிரைக்குத் தூரத்துச் சொந்தம். முன்னங்கால் மட்டும் நீளம்.

பெயர் கொடுத்தது நான், செய்தது மாமா. துடியலூரில் ஒரு வார்ப்படக் கம்பெனிக்கு மர அச்சு செய்கிறவர். அச்சு நூலளவு பிசகினாலும் வார்ப்பு வீண் என்பதால், அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. நான் கொடுத்த படத்தைப் பார்த்து ஒரு வாரம் இழைத்தார். முன்னங்கால்களில் மும்மூன்று வளைந்த நகங்கள். மேலே பழுப்புச் சாயம்.

கண்காட்சியன்று அரை நாள் லீவு போட்டு, வண்டியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “டீ குடிச்சுப்போட்டு வாரேன் அம்மணி” என்று போனார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி என் அட்டையைப் படித்தாள்.

“குளம்பு விலங்குன்னு எழுதிப்போட்டு நகம் வெச்சிருக்கறே? மாட்டுக்கு எங்காச்சும் நகம் இருக்குமாடி?”

நடுவர்கள் அடுத்த அறைக்கு வந்துவிட்டார்கள். படமோ வீட்டில் இருந்தது. மாமாதான் தப்புச் செய்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவள் எரிமலைப் பலகை அறுக்க வைத்திருந்த ஆக்சா பிளேடையே வாங்கி, ஆறு நகங்களையும் அறுத்துப் பாக்கெட்டில் போட்டேன். மரத்தூளை ஊதி முடிக்கவும் நடுவரம்மா வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“நகம் எங்கேம்மா? குளம்புக் கூட்டத்துல பொறந்தும் நகம் வெச்சிருந்ததுதானே இந்தக் குடும்பத்தோட அதிசயம்?”

அப்போதுதான் மாமா வாசலில் வந்து நின்றார்.

“மாமா தப்பாச் செஞ்சுபோட்டாருங்க” என்றேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மாமா கிட்டே வந்தார். அறுத்த இடத்தில் சாயமில்லாமல் மரம் வெளுப்பாகத் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“ஆமாங்க, என்ற தப்புதானுங்க. பாப்பா சரியாத்தான் சொல்லுச்சு.”

எரிமலைக்குத்தான் முதல் பரிசு. திரும்பும் வழியில் மாமா தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, அவர் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு கையால் பாக்கெட்டை அழுத்திப் பிடித்தபடி வண்டியின் பின்னால் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்றேன்.