கொரிய நாடகம் பார்க்க ஒருத்தன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பினாங்குத் தீவின் பாயான் பாருவில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. அங்கேதான் இது தொடங்கியது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்கிறார். எங்கள் சொந்தத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இதை வெளியே காட்டிக்கொள்ளாதவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயத்தை நிஜமாகவே மறைத்து வைத்திருந்தேன். எனக்குக் கொரிய நாடகம் என்றால் உயிர். விடுதியில் இருந்தபோது பிடித்த பழக்கம். படித்து முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் கூட இருப்பவர்கள் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். நானும் தலையாட்டுவேன். நேற்று ராத்திரி கதாநாயகி விமான நிலையத்தில் அழுததைப் பார்த்து நானும் அழுதேன் என்று அங்கே சொன்னால் என்ன ஆகும்? ஒரு வருடத்துக்குச் சிரிப்பார்கள்.

அன்று கார் கழுவக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். துணியைப் பிழிந்தபடி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"இவன நம்பாதீங்க பாஸ். அடுத்த வாரம் கெட்டவனாயிடுவான்."

"பாத்துட்டீங்களா?"

"இன்னும் பாக்கல. கழுத்தப் பாருங்க, அவ பேரச் சொன்னாலே இறுக்கிக்கிறான்."

அடுத்த வாரம் அவன் சொன்னபடியே ஆனது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் சுத்தமாக இருந்தும் கழுவப் போனேன்.

பாஸ் என்று கூப்பிட்டவன் மச்சா என்று கூப்பிட ஒரே மாதம்தான் ஆனது. ஐந்து மணிக்குக் கடை மூடியதும் பால் சேர்க்காத குளிர்ந்த தேநீர், இரண்டு தே ஓ ஐஸ், வாங்கிக்கொண்டு கடையின் ஓரத்தில் உட்காருவோம். அந்த வாரம் பார்த்த பாகத்தைப் பற்றிப் பேசுவோம். பேசுவோம் என்று சொல்கிறேன், பெரும்பாலும் அவன் பேசுவான், நான் கேட்பேன். மாமியார் சூப்புச் சட்டியின் மூடியை வைக்கும் சத்தத்தை வைத்தே அவள் மருமகளை ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று சொல்வான். கதாநாயகனை விட்டுவிட்டு, பின்னால் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும் துணை நடிகையைப் பார்ப்பான். அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பது அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரு காட்சியை நடித்துக் காட்ட ஆரம்பித்தால், கையில் இருக்கும் துணியே குடையாகிவிடும், குழந்தையாகிவிடும்.

சில சமயம் நாங்கள் அடித்துக்கொள்வோம்.

"டேய், அவ அப்படிச் சொல்லல. மன்னிச்சிட்டேன்னுதான் சொன்னா. நான் படிச்சேன்."

"வாய் சொல்லிச்சு. மூஞ்சி சொல்லலையே. நீ எப்பப் பாத்தாலும் கீழ வர்ற எழுத்தையே பாத்துக்கிட்டு இருக்க, மச்சா. மேல ஆளுங்க நடிக்கிறாங்க லா."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் எனக்குக் குரல் பதிவு மட்டுமே அனுப்புவான். நான் நீளமாக எழுதி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். நேரில் பார்க்கும்போது, "என்னமோ அனுப்பியிருந்தியே, சொல்லு" என்பான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பதினேழு வருடம் படித்த எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பினாங்கில் கொரிய நாடக ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் நானும் இருந்தேன். ஒரு தடவை எல்லாரும் நேரில் சந்திக்கலாம் என்று முடிவானது. ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டின் மாடியில் உள்ள காப்பிக் கடை. ஏற்பாடு செய்தவர் மருந்துக் கடையில் வேலை செய்யும் ஓர் அக்கா. தமிழ் முஸ்லிம், தானே செய்த பசெம்போர் என்ற காய்கறிக் கலவையைப் பெரிய பாத்திரத்தில் கொண்டு வந்திருந்தார். சீன ஆண்டிகள் இரண்டு பேர், மலாய் மாணவிகள், நம் பிள்ளைகள் சிலர் என்று மொத்தம் பதினைந்து பேர் இருப்போம். ஆண்கள் நானும் அவனும் மட்டும்.

அவனை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். முதல் அரைமணி நேரம் ஒரு மூலையில் இருந்தான். பிறகு யாரோ ஒரு நாடகத்தின் பேரைச் சொல்ல, அவன் ஒரு காட்சியை நடித்துக் காட்டினான். அவ்வளவுதான், எல்லாரும் அவன் மேசைக்கு வந்துவிட்டார்கள். ஒரு சீன ஆண்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவன் என் நண்பன் என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு அந்த அக்கா புதிர்ப் போட்டி வைத்தார். ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்துவார், அடுத்து என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பேனா. எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அவன் மட்டும் தாளைப் பார்த்தபடி இருந்தான்.

எனக்கு அன்று இருந்த உற்சாகத்தில், அவனை இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துச் சொன்னேன். "என்ன மச்சா, ஸ்கூல் பக்கமே போகாத ஆளு மாதிரி பேப்பர மொறைச்சுக்கிட்டு இருக்க?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்ன என்று கேட்டார்கள். நான் அதை மலாயில் ஒரு தடவை சொன்னேன். ஆண்டிகளுக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். மூன்று மொழியிலும் சிரிப்பு வந்தது.

அவனும் சிரித்தான். பேனாவை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டு, டாய்லெட் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தான். திரும்பி வரவில்லை. என் காரில் வந்தவன் கொம்தார் பஸ் நிலையம் வரை நடந்து போய் பஸ் ஏறியிருக்கிறான். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். அதை நானும் நம்பினேன்.

பாத்திரங்களைக் கீழே இறக்கிவைக்க உதவியபோது அந்த அக்கா மெல்லக் கேட்டார்.

"தம்பி, உங்க ஃப்ரெண்டுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்கா, ஏன்?"

"மருந்துக் கடையில எழுத்துத் தெரியாதவங்கள டெய்லி பாக்குறேன். பாக்கெட்ல எழுதியிருக்கும், ஆனா வாயால சொல்லுங்கன்னு கேப்பாங்க. கண்ணாடி எடுத்துட்டு வரலன்னுவாங்க. அவர் பேனாவப் பிடிச்சது அந்த மாதிரிதான் இருந்துச்சு."

ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் பாருவுக்குக் காரில் அரைமணி நேரம்தான். அந்த அரைமணி நேரமும் குரல் பதிவுகள், கட்டைவிரல் படங்கள், 'என்னமோ அனுப்பியிருந்தியே' எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவன் இத்தனை வருடம் முகத்தையும் குரலையும் மட்டும் வைத்து அத்தனை நாடகங்களையும் புரிந்துகொண்டிருக்கிறான். வாசிக்கத் தெரிந்த நான் அவனிடம் போய்க் கதையின் அர்த்தம் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனைத்தான் நான் மூன்று மொழியில் அவமானப்படுத்தியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் வேறொரு காரைக் கழுவப் போய்விட்டான், எனக்கு வேறு ஆள் வந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைத்து நான் ஒரு வேலை செய்தேன். புத்தகக் கடைக்குப் போய், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான எழுத்துப் பயிற்சி நூல் ஒன்றை வாங்கினேன். படம் போட்டது. கூடவே இரண்டு பென்சில்.

அன்று அவனால் தப்பிக்க முடியவில்லை, மற்ற ஆள் லீவு. புத்தகத்தை நீட்டினேன். கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். இரண்டு பக்கம் புரட்டினான்.

"என்னா இது?"

"உனக்குத்தான். வாராவாரம் நான் சொல்லித் தரேன். ஒரு வருசத்துல நீயே..."

"நான் கேட்டனா?"

அவன் சத்தம் போடவில்லை. புத்தகம் நனையாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்தபடியே பேசினான்.

"எங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் பதியல. எனக்குப் பொறப்புப் பத்திரம் இல்ல. ஏழு வயசுல அம்மா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, பத்திரம் கேட்டாங்க. அடுத்த வருசமும் போனோம், கேட்டாங்க. மூணாவது வருசம் போறப்ப யூனிபார்ம் பத்தல. அதோட விட்டாச்சு. படிக்கணும்னு தோணுனா எங்க போகணும்னு எனக்குத் தெரியும்லா. அது என் விஷயம்."

"எனக்குத் தெரியாம..."

"தெரியாம சொல்லிட்ட, அது பரவால்ல. இப்பத் தெரிஞ்சுதானே இதக் கொண்டாந்த? எனக்கு வாத்தியார் வேணாம் மச்சா. கூட உக்காந்து நாடகம் பாக்க ஒருத்தன் இருந்தான். இப்ப அவனத்தான் காணோம்."

புத்தகத்தை என் கார் டேஷ்போர்டில், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தான். நான் அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரமாக அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் வேறு என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். "சரி, காடிய எடு, பின்னால ஆளு நிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தும் அவன் சொன்னதே காதில் இருந்தது. நாங்கள் சேர்ந்து பார்த்துவந்த நாடகத்தில் பன்னிரண்டாம் பாகம் வந்திருந்தது. கைப்பேசியை எடுத்தேன். என்ன தோன்றியதோ, சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி நேரம் யார் யாரோ வந்தார்கள், பேசினார்கள், அழுதார்கள். நன்றி, அண்ணா, வேண்டாம் என்று நான்கைந்து சொல்தான் பிடிபட்டது. இடையில் மூன்று தடவை கை தானாகப் போய் எழுத்தைப் போடப் பார்த்தது. தெரியாத ஒன்றின் முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்று வரை தெரியாது. அவன் அதை வருடக்கணக்கில் செய்து, அதிலிருந்து ஒரு திறமையையே எடுத்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு, காரை எடுக்காமல் நடந்து போனேன். கையில் இரண்டு தே ஓ ஐஸ். அவன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு பாத்தேன்டா. எழுத்த அணைச்சிட்டு. ஒண்ணுமே புரியல. கதை சொல்லு."

குழாயைச் சுருட்டுவது நின்றது. நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். நான் அதை நம்பித்தான் வந்திருந்தேன்.

"முழுசா அணைச்சியா?"

"முழுசா."

"சரி. ஆஸ்பத்திரில அந்த அண்ணன்காரன் ஆப்பிள் தோல உரிச்சுக்கிட்டே இருந்தானே, ஏன்?"

"தம்பிக்குக் குடுக்க."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஒரு மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

"இத்தனை வருசம் படிச்ச. ஒரு ஆப்பிளுக்கு ஒருத்தன் அவ்ளோ நேரம் உரிப்பானா? நிமிந்து தம்பி மூஞ்சியப் பாக்க முடியல அவனால. தம்பியக் காட்டிக் குடுத்தது அவன்தான். எழுதி வச்சுக்கோ." அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தினான். "நீதான் எழுதணும், எனக்கு வராது" என்று அவனே சேர்த்துக்கொண்டான். நான் சிரிக்கலாமா என்று தயங்கினேன். "சிரிலா" என்றான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பன்னிரண்டாம் பாகம் முழுவதையும் சொன்னான். வீட்டுக்குப் போய்ச் சப்டைட்டிலோடு மறுபடி பார்த்தேன். இரண்டு இடம் தவிர எல்லாம் சரி. அந்த இரண்டு இடத்திலும் அவன் கதைதான் நன்றாக இருந்தது. அண்ணன்காரனின் துரோகம் பதினான்காம் பாகத்தில்தான் வெளியே வந்தது.

நாடகம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, கைப்பேசியில் ஒரு காட்சியை நிறுத்தி என்னிடம் நீட்டினான். இறந்துபோன தாய் எழுதிய கடிதம் திரையில் தெரிந்தது. யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை, பின்னால் வெறும் இசை.

"இந்த மாதிரிக் கடிதாசி வர்ற எடத்துலதான் எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிரும். மூஞ்சியும் இல்ல, குரலும் இல்ல. எத்தன நாடகத்துல விட்டிருக்கேன். இதுல என்ன எழுதியிருக்கு?"

கீழே இருந்த எழுத்தைத் தமிழில் மாற்றி வாசித்தேன். வேகமாக வாசிக்காதே என்றான். முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். கடையின் ஓரத்தில் இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கடை முதலாளி பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

அவன் என்னை மன்னித்தானா என்று இன்று வரை நான் கேட்டதில்லை. தனக்குத் தெரியாததை என்னிடம் மறைக்க வேண்டியதில்லை என்று அவன் நினைத்தானே, அது போதும். எனக்கும் ஒன்று தெரியாது என்று அவன் முன்னால் போய் நின்ற பிறகுதான் அந்த நம்பிக்கை எனக்குக் கிடைத்தது என்பதை, புதிதாக யாரோடு பழகத் தொடங்கினாலும் நினைத்துக்கொள்கிறேன்.