ஒன்றே கால் அங்குலம் குறைந்த முட்டை

மடகாஸ்கர் தீவில் யானைப்பறவை என்று ஒன்று இருந்ததாம். பத்தடி உயரம், பறக்கத் தெரியாது. மனிதர்கள் போய் இறங்கி முட்டைகளைத் தின்றார்கள், பறவை தீர்ந்துபோனது. இந்த நல்ல செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் பத்தாவது படிக்கும் என் மகள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அந்த முட்டை வேண்டுமாம், ஒரு அடி நீளத்தில். நன்றாக இருந்தால் கடலூரில் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். பத்து நாளாக அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

"அப்பா இருக்கும்போது முட்டைக்கு என்னாம்மா பஞ்சம்?" என்றேன். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் இருபது வருஷமாக பியூஸ் கட்டைக்கும் பொம்மைக்கும் அச்சு போடுகிறவன் நான். மண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. இதை மறந்த புது ஆட்களை நான் பேசாத பேச்சில்லை.

சொந்த மகளுக்கு என்றதும் சாமர்த்தியம் தலைக்கேறிவிட்டது. ஒரு அடி என்றாள், சரியாக ஒரு அடிக்கே அச்சு போட்டேன். சூளையைப் பிரித்தபோது முட்டை வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. மகள் ஸ்கேலை வைத்தாள். ஒன்றே கால் அங்குலம் குறைவு. மறுநாள் கண்காட்சி.

"யாரு அளக்கப் போறாங்க? கேட்டா, இளம்பறவை போட்ட மொத முட்டைன்னு சொல்லிடு."

"பொய்யெல்லாம் சொல்ல மாட்டேம்ப்பா."

இந்த நேர்மை என் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதில் எத்தனை பேருக்கு ஆம்லெட் போடலாம்? பறவை எப்படி அழிந்தது என்று அவள் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் நடுவர் வந்தார். "அளவு சரியாம்மா?"

"இல்லீங்க சார். ஒன்னே கால் அங்குலம் கம்மி. சூளையில மண்ணு சுருங்கும். அச்சுல அதுக்கு எடம் வுடல."

எவ்வளவு விட்டிருக்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டே மாவட்டத்துக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒளிந்துகொள்ளத்தான் இடம் கிடைக்கவில்லை. சுற்றி நின்ற பெற்றோரில் பாதிப் பேர் பட்டறைக்காரர்கள்.

நடுவர் சிரித்தார். "செராமிக் ஊர்ல இருந்துகிட்டு இப்புடி அச்சு போட்ட புண்ணியவான் யாரும்மா?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியலீங்க சார்" என்றாள்.