கீழ்வீட்டுக்குக் கேட்ட என் குரல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபது. மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இரண்டாம் மாடி வீட்டில் என் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, ஆட்டிசம் உள்ளவள். பேச்சு அதிகம் இல்லை. மனம் கலங்கினால் குதித்தால்தான் அவள் உடம்பு அடங்கும். கீழ்வீட்டிலிருந்து துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்கள். எரிச்சலில் என் அக்காவுக்கு ஒரு குரல் செய்தி பேசினேன்: "கீழ இருக்கறவ மறுபடியும் இடிக்கறா. ராத்திரி பூரா எங்கயோ சுத்திட்டு வந்து பகல்ல தூங்கறவளுக்காக என் பொண்ணு காலைக் கட்டிப் போடணுமா?"

அது அக்காவுக்குப் போகவில்லை. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. பதறிப்போய் அழித்தேன், அழிக்கும்போது 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்தியிருக்கிறேன். என் திரையில் மறைந்துவிட்டதால் நிம்மதியாகப் போய்க் குழம்புக்குப் புளி கரைத்தேன். மற்ற எல்லார் கையிலும் என் குரல் மதியம்வரை பேசிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டுப் பெண் தேனாம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'எங்கயோ சுத்திட்டு' என்றேன். 

சாயங்காலமே அவள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டு உரிமையாளர் போனில், "போலீஸ் கீலீஸ்னு வந்தா காலி பண்ணிடுங்கம்மா" என்றார். அசோக் நகரிலிருந்து இங்கே மாறி வந்தபோது என் மகள் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மாடிப்படி பழகவே ஒரு வருஷம் ஆனது. இன்னொரு வீடு அவளால் முடியாது.

பெண் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "கேஸ் போட்டா ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு நடையா நடப்பீங்க. சமரசத்துக்குப் போய்ப் பாருங்களேன்" என்றார். யாரோ பெரியவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார் போலிருக்கிறது என்று பயந்தேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி போனில் சிரித்தான். "இங்க மேல்வீடு கீழ்வீடு சண்டைன்னா சமரச மையத்துக்குத்தான் அனுப்புவாங்க. இப்ப நம்ம ஊர்லயும் அதுக்குச் சட்டமே வந்தாச்சு. தீர்ப்பெல்லாம் கிடையாது, நீங்களே பேசித் தீர்த்துக்கணும். ஆனா நீ வாயைத் திறந்ததுதானே பிரச்சினையே!"

அடையாறில் ஒரு சின்ன அறை. சமரசர் ஐம்பது வயது வழக்கறிஞர் ஒருவர். "ஒருத்தர் சொன்னதை மத்தவங்க திருப்பிச் சொல்லணும். சொன்னவங்க 'ஆமா, அதான்'னு ஒத்துக்கற வரைக்கும் உங்க பக்கத்தைப் பேசக் கூடாது" என்றார். (கீழ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் அங்கே பேசியதை இங்கே எழுதுகிறேன்.)

முதலில் அவள் பேசினாள். அதை நான் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். "அவங்களுக்குத் தூக்கம் கெடுது. ஆனா என் பொண்ணு…"

"'ஆனா' வேண்டாம்மா" என்றார் சமரசர்.

"தூக்கத்தை நான் சொல்லவே இல்லக்கா" என்றாள் அவள். "அந்த குரூப்ல கீறது என் மாமனார். நான் எழுந்ததும் அதைப் போட்டுக் காட்டறார். 'இன்னாம்மா இது, நாலு பேர் இப்டி பேசறாங்க, நைட் டூட்டிய வுட்டுடு'ன்றார். பன்னெண்டு வருஷ வேலைக்கா."

மூன்றாவது முறைதான் எனக்குச் சொல்ல வந்தது. "என் பேச்சால உங்க வேலை போகப் போகுது. உங்க வீட்டுலயே உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"ஆமா, அதான்."

பிறகு நான் என் பக்கத்தைச் சொன்னேன். திருப்பிச் சொல்லும் முறை அவளுக்கு வந்தது. "பாப்பா கொழுப்புல குதிக்கல. குதிக்கலன்னா உடம்பு பதறும். வீடு மாறினா சோறு இறங்காது." என் பக்கம் திரும்பினாள். "நான் இடிக்க இடிக்க இன்னும் பயந்துகினு குதிச்சிருக்கும், இல்லக்கா?"

"ஆமா, அதான்" என்றேன். 

பிறகு எல்லாம் சுலபமாகவே நடந்தது. வாராவாரம் அவள் டூட்டி நாட்களை எனக்கு அனுப்புவாள். அவள் தூங்கும் நேரத்தில் என் மகள் முன்னறையில் மெத்தை மேல் குதிப்பாள். கீழ்வீட்டுப் பெண் புகாரைத் திரும்பப் பெறுவாள். "மாமனார் மனசை மட்டும் நான் எழுதி வாங்க முடியாது" என்றார் சமரசர்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அதே குழுவில் மறுபடி பேசினேன். சரியான குழுதானா என்று நான்கு முறை பார்த்துக்கொண்டேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய். அவங்க ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க நோயாளிகளைப் பார்த்துட்டு வர்றவங்க. தெரிஞ்சே அசிங்கமாப் பேசினேன். மன்னிச்சிடுங்க."

 ஆறே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான அவள் மாமனார், படி ஏறிய மூச்சு வாங்க நின்றார்.

"எனக்குக் காது மந்தம்மா. ரெண்டு தபா போட்டுக் கேட்டேன்" என்றார். "மருமவ டூட்டிக்குப் போயிருச்சு. நான்தான் பஸ் ஏத்தி வுட்டுட்டு வரேன்." என் முதுகுக்குப் பின்னாலிருந்த மகளை எட்டிப் பார்த்தார்.

"நீ குதி கண்ணு. கீழ இப்ப நான் ஒருத்தன்தான் கீறேன்."