லீவருக்கு எட்டாத கை

1. முதல் சோதனை

விண்வெளிக்குப் போனவர்கள் திரும்பி வந்து கடலில் இறங்கினால், மீட்புப் படகு வருவதற்குள் கலத்தின் கதவை உள்ளிருந்தே திறக்க முடிய வேண்டும். அதைச் சோதிக்க எங்கள் சோதனைக் குழு வேதாரண்யம் கடலில் ஒரு மாதிரிக் கலத்தை இறக்கியது. உள்ளே நான் மட்டும். இருக்கை பெல்ட்டோடு கையை நீட்டி, தலைக்கு மேலே இருக்கும் லீவரை இழுக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றினால் அலை தூக்கி அடித்துவிடும்.

என் உயரம் நாலடி பத்து அங்குலம். லீவருக்கும் என் விரலுக்கும் இடையே நாலு விரற்கடை இருந்தது.

"எட்டலை சார்" என்றேன் வயர்லெஸ்ஸில்.

"இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணுங்க கலா" என்றார் மேலாளர் ராமநாதன்.

புழுக்கத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். தோள்பட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கடைசியில் டைவர்கள் வந்து வெளியே இருந்து திறந்தார்கள்.

கரையில் ராமநாதன் சார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "விடுங்கம்மா. நாளைக்கு சேகரை உக்கார வெச்சுடலாம். உங்களால முடியலைன்னு எழுதிக்கலாம்."

"லீவர் எட்டலைன்னு எழுதுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார். நாளைக்குப் பொண்ணுங்களும் போவாங்க. எல்லாரும் சேகர் உயரம் இருக்க மாட்டாங்க."

குழுவில் இருந்த சேகர் ஆறடி. மறுநாள் ஒரே இழுப்பில் திறந்துவிட்டார். ரிப்போர்ட்டில் 'பாஸ்' என்று போட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

2. அளவெடுப்பு

அதன் பிறகு என்னைப் படகில் ஏற்றவில்லை. கரையில் இருந்த ஷெட்டில் கருவிகளுக்குக் காவல்போல உட்கார்ந்திருந்தேன். குழுவில் நான் ஒருத்திதான் பெண். மதியம் எல்லோரும் சேர்ந்து ஓட்டலுக்குப் போவார்கள். நான் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுவேன். சில நாள் மாலையில் அறைக்கு வந்த பிறகுதான், காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பதே நினைவுக்கு வரும்.

பக்கத்து உப்பளத்தில் பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன். உட்கார்ந்தபடி கையை உயர்த்தினால் எவ்வளவு எட்டும் என்று ஒவ்வொருவராக அளந்தேன்.

"எதுக்கும்மா கைய அளக்குறே?" என்று கேட்டார் முத்துலெட்சுமி அக்கா.

"விண்வெளிக்குப் போற கூண்டுல கைப்பிடிய எங்க வைக்கிறதுன்னு பாக்கத்தான்க்கா."

"நாங்களா போவப் போறோம்?" என்று சிரித்தார். ஆனாலும் முதுகை நிமிர்த்தி, கையை நன்றாக நீட்டினார்.

பெரும்பாலோருக்கு லீவர் எட்டாது என்று தெரிந்தது. லீவரை இறக்க வேண்டும் என்று ஒரு ரிப்போர்ட் எழுதி, அளவுகளின் பட்டியலை அதோடு இணைத்தேன்.

"உப்பளத்துல வேலை பாக்குறவங்க அளவ வெச்சு நான் என்னம்மா பண்றது?" என்றார் ராமநாதன் சார்.

அவர் சொன்ன வகையில் என் அம்மாவும் சேர்த்திதான்; மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போனவர். "மேலே அனுப்பி வைங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

3. மூன்றாம் முறை

மேலிடத்திலிருந்து இரண்டு முறை தாள் திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஆய்வுக் குழுவில் இருந்த மருத்துவர் ஒருவர் அதை முழுதும் படித்துவிட்டு, நேரே ஷெட்டுக்கு வந்தார். அவரும் குள்ளம். அங்கே வைத்திருந்த மாதிரிக் கலத்தில் ஏறி, பெல்ட் போட்டு, கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. இறங்கி வந்து, "லீவரக் கீழ இறக்குங்க" என்றார்.

லீவரை இறக்கிப் பொருத்த ஐந்து மாதம் ஆனது. மறுபடி கடலில் நானே உட்கார்ந்தேன். இழுத்தேன். கதவு திறந்தது, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சேகரும் உட்கார்ந்து பார்த்தார், அவருக்கும் சிரமமில்லை.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: முடியவில்லை என்று எழுதாதீர்கள், எங்கே, எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புங்கள். அந்த நாட்களில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது. அதையும் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.